கள்ளாட்டம்

என் மகனுக்கு இரண்டு வயது எட்டு மாதம் இருக்கும்போது ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. சின்னதுதான். இருட்டோடு கூலாயிலிருந்து கிளம்பி ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாளே சோபாவிலிருந்து குதிக்கப் பார்த்தான். சிகிச்சையைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடத்தில் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. அது தப்பா இல்லையா என்று இன்றுவரை எனக்கு முடிவு கட்டத் தெரியவில்லை. யாரிடம் சொன்னாலும் "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் விளையாட்டுகளைச் சொல்லிவிடுகிறேன்.

செனாய் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் சில நாள் எங்கள் தாமான் பக்கமாகத் தாழ்ந்து போகும். சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டு வாசலுக்கு ஓட வேண்டும், அது சட்டம். ஓடிப்போய் இரண்டு பேரும் கையாட்ட வேண்டும். "அங்கிள் கையாட்டுனாரா?" என்று கேட்பான். "ஆட்டுனாரு" என்பேன். ஒருநாள் நான் சொல்வதற்குள் அவனே, "சும்மா ஆட்டுனாரு" என்றான். விமானி கையாட்டவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருக்கிறது. ஆனாலும் அடுத்த விமானத்துக்கு ஓடத்தான் செய்தான்.

இந்தச் 'சும்மா' அவன் கற்றுக்கொண்ட சொற்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த சொல். மணலைத் தட்டில் போட்டுச் சோறு என்று நீட்டுவான். நான் நிஜமாகவே வாயருகே கொண்டுபோனால் பதறிப்போய், "சும்மாப்பா, சும்மா!" என்பான். இருவருக்கும் தெரிந்த பொய் பொய்யே இல்லை, அது ஆட்டம் என்று எந்தப் புத்தகமும் படிக்காமல் அவனுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு விளையாட்டு நண்டூருது நரியூருது. உங்கள் எல்லோருடைய உள்ளங்கையிலும் யாராவது பருப்புக் கடைந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குக் கடுமையான விதிகள். முதலில் அவன் வலது உள்ளங்கையை விரித்து நீட்ட வேண்டும். நான் அவன் மணிக்கட்டை என் இடது கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். பருப்புக் கடைந்து, விரல் விரலாக எல்லோருக்கும் சோறு பங்கிட்ட பிறகு நண்டு கிளம்பும். அது முழங்கையை எட்டுவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிடுவான். அக்குள் வரும்போது மூச்சுவிட முடியாத அளவுக்குச் சிரிப்பு. முடிந்ததும் மறுபடியும் கை நீளும்.

அந்தக் கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அழும்போதெல்லாம் அவன் வலது தொடையிடுக்கில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம் எழும்புவதை முதலில் கவனித்தது என் மனைவி. குளிப்பாட்டும்போது இருக்கும், தூங்கும்போது இருக்காது. டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே குடலிறக்கம் என்றார். கருவில் விதை இறங்கி வரும் பாதை பிறப்பதற்கு முன்போ பிறந்த கொஞ்ச நாளிலோ மூடிக்கொள்ள வேண்டும். சில பிள்ளைகளுக்கு மூடாது. அந்த வழியாகக் குடல் எட்டிப் பார்க்கும். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 1 முதல் 5 பேருக்கு வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆனால் தானாகச் சரியாகாது. குடல் உள்ளே சிக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றுவிட்டால் ஆபத்து. அதற்குமுன் அந்தப் பையைக் கட்டிவிட வேண்டும்.

ஆகவே செய்யலாமா வேண்டாமா என்ற கேள்வி எங்களுக்கு எழவே இல்லை. அவனிடம் என்ன சொல்வது என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்தது.

என் அம்மா, "ஒன்னும் சொல்லாதீங்க. சின்னப் புள்ள. முடிஞ்சா மறந்துரும்" என்றார். என் மனைவி, "உள்ளத சொல்லிடுவோங்க. புரியிற மாதிரி சொன்னா புரியும்" என்றாள். நான் நடுவில் நின்றேன். நடுவில் நிற்பவன் என்ன செய்வான்? விளையாட்டாகச் சொல்லிவிடலாம் என்றேன். அது கெட்டிக்காரத்தனமான யோசனையாக அப்போது எனக்குத் தோன்றியது.

பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று வரும். பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையோடு விளையாட நிலவைக் கூப்பிடுவது. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழிலும் உண்டு. வானத்து நிலா சும்மா இறங்கி வருமா? அதனால் புலவர்கள் நான்கு உபாயங்களை வகுத்துக்கொண்டார்கள். நீயும் குழந்தையும் ஒன்றுதான் என்பது சாமம். குழந்தை உன்னைவிட உசத்தி என்பது பேதம். வந்தால் உனக்கு இன்னின்ன கிடைக்கும் என்பது தானம். வராவிட்டால் தொலைந்தாய் என்பது தண்டம். கல்லூரியில் இதைப் படித்தபோது இலக்கண விளையாட்டாகத்தான் தெரிந்தது. அப்பாவான பிறகுதான் அந்தப் புலவர்கள் தங்கள் வீட்டில் பிள்ளைக்குச் சோறூட்டியதைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும் என்று பட்டது. 'நீ பெரிய பையன்தானே', 'பக்கத்து வீட்டு பாப்பா எப்படிச் சாப்பிடுது பாரு', 'சாப்பிட்டா ஐஸ்கிரீம்', 'இல்லன்னா போலீஸ் வரும்'. ராஜதந்திரம் முழுவதும் ஒரு வாய்ச் சோற்றுக்குள் அடங்கிவிடுகிறது. இந்த நான்கிலும் உண்மையைச் சொல்வது என்ற உபாயம் மட்டும் கிடையாது.

அன்று காலை நாலரைக்கு எழுப்பினோம். மயக்க மருந்து கொடுப்பதால் ஆறு மணி நேரத்துக்கு முன்பே பால், சாப்பாடு எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் குடிக்கலாம். எழுந்ததும் வழக்கம்போல் பால் கேட்டான். "பால் முடிஞ்சிருச்சுய்யா" என்றேன். நேராகப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்து பால் பெட்டியைக் காட்டினான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. அப்பாவுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று உதவி செய்தான்.

மனைவி வந்து கீழே உட்கார்ந்தாள். "பால் இருக்கு. இன்னிக்கு காலைல குடிக்க முடியாது. டாக்டர் உன் வயித்துகிட்ட இருக்கிற உருண்டைய சரி பண்ணப் போறாரு. அதுக்கு வயிறு காலியா இருக்கணும்" என்றாள். அவன் வீடே அதிரும்படி அழுதான். வீக்கம் எழும்பியது. நெடுஞ்சாலையில் ஏறும்வரை அழுதான். உண்மைக்கு ஆன செலவு அது. நான் சொன்ன பொய்க்கு அவன் அழவில்லை என்பதையும் நியாயமாகக் குறிப்பிட வேண்டும்.

வார்டில் தாதி வந்து அவன் இரண்டு புறங்கைகளிலும் மரத்துப்போகும் களிம்பைத் தடவி, மேலே ஒட்டுத்தாள் ஒட்டினார். ஒரு மணி நேரம் கழித்து ஊசிக்குழாய் போட வேண்டும். மலாய்க்காரர், நாற்பது வயதிருக்கும். வந்து அவன் கண்ணுக்கு நேராகக் குனிந்து, "சாக்கிட் சிக்கிட் யா, அடிக்" என்றார். கொஞ்சம் வலிக்கும், தம்பி. அவனுக்கு மலாய் அவ்வளவாகத் தெரியாது. பசார் மாலாமில் கேட்ட 'சிக்கிட்' மட்டும் தெரியும். நான் அவசரமாகக் குறுக்கே பாய்ந்து, "வலிக்காதுய்யா. வா, நம்ம நண்டூருது விளையாடலாம்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. உடனே வலது கையை நீட்டினான். நான் வழக்கம்போல் இடது கையால் மணிக்கட்டைத் தாங்கினேன். பருப்புக் கடைந்தேன். உள்ளங்கை என் பக்கம், புறங்கை தாதியின் பக்கம். நண்டு மணிக்கட்டைத் தாண்டும்போது தாதி தலையசைத்தார். என் பிடி இறுகியது.

களிம்பு போட்டிருந்ததால் ஊசி அதிகம் வலித்திருக்காது என்றே நினைக்கிறேன். அவன் ஊசியைப் பார்க்கவும் இல்லை. பார்த்தது என்னை. தாங்கிக்கொண்டிருந்த கை திடீரென்று பூட்டாக மாறியதைத்தான் அவன் கவனித்தான். கையை இழுத்தான், வரவில்லை. சிரிப்புக்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. அதன் பிறகுதான் அழுகை வந்தது. முதல் முயற்சியில் நரம்பு கிடைக்காமல் மறுபடி குத்த வேண்டியிருந்தது. இந்த வயதில் அது சகஜமாம். அந்த இரண்டாவது முறைக்கும் அதே கையை நான்தான் பிடித்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிரப் கொடுத்தார்கள். மிடாசோலம் என்று பெயர். பயத்தைக் குறைக்கும், அதோடு அதன்பிறகு நடப்பதை நினைவில் தங்கவிடாது என்று மயக்க மருந்து டாக்டர் விளக்கினார். அறுவை அறைக்குத் தூக்கிப்போனது, முகமூடி வைத்தது எதுவும் அவனுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அது கொடுத்த பிறகு நடப்பவற்றைத்தான் அழிக்கும். நண்டு அதற்கு முன்பே ஊர்ந்து முடித்திருந்தது.

சிரப் குடித்துக் கண் சொருகிக் கிடந்தவனைப் பார்த்து வார்டில் ஒரு பாட்டி, "நல்ல புள்ள, அழவே இல்லையே" என்றார்.

1952இல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போவதை ஒரு படமாக எடுத்தார். அந்தச் சிறுமிக்கும் குடலிறக்கம்தான், தொப்புளில். எட்டு நாள் தனியாக இருந்தாள். அப்போதெல்லாம் பெற்றோர் கூட இருக்க விடமாட்டார்கள். வந்து பார்த்துவிட்டுப் போனால் பிள்ளைகள் அழுது வார்டு கெடுகிறது என்பது மருத்துவர்களின் வாதம். அவள் பெரும்பாலும் அழாமல்தான் இருந்தாள். அந்த அமைதியைத்தான் ராபர்ட்சன் காட்ட விரும்பினார். குழந்தை பழகிவிட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டதை அவர் நம்பிக்கையிழப்பு என்று படித்தார். மருத்துவர்கள் கூடிய சபையில் படத்தைக் காட்டியபோது பலத்த எதிர்ப்பு. ஆனால் 1959இல் வந்த பிளாட் அறிக்கை பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று நான் என் மகன் கட்டிலோரம் உட்கார்ந்திருக்க முடிவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட சண்டைகள் இருக்கின்றன. உட்கார இடம் கிடைத்து நான் செய்தது என்ன என்பது வேறு கதை.

'ஞாபகம் இருக்காது' என்ற சொல்லுக்கு வருகிறேன். அம்மா சொன்னார், மாமா சொன்னார், வேலையிடத்தில் எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று வயதுக்கு முந்தையது எதுவும் தங்குவதில்லை. இதை வாசிக்கும் நீங்களும் ஒருமுறை இரண்டு வயதில் இருந்தவர்கள்தான். உங்களுக்கு அன்று யார் என்ன பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியுமா?

ஆனால் இதே வாதம் வேறொரு இடத்தில் எதுவரை போயிருக்கிறது என்று பார்த்தபோது எனக்குத் தூக்கம் கெட்டது. 1980களின் நடுப்பகுதி வரை வளர்ந்த நாடுகளில்கூடப் பச்சைக் குழந்தைகளுக்கு, அதுவும் குறைமாதக் குழந்தைகளுக்கு, வலி நீக்கும் மருந்து மிகக் குறைவாகவோ இல்லாமலோ அறுவை சிகிச்சை செய்வது நடைமுறையில் இருந்தது. அசையாமல் இருக்கத் தசையைத் தளர்த்தும் மருந்து மட்டும் உண்டு. மயக்க மருந்தின் ஆபத்து ஒரு காரணம். இன்னொன்று, அவற்றுக்கு வலி சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் ஞாபகம் இருக்காது என்ற நம்பிக்கை. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கே. ஜே. எஸ். ஆனந்த் அங்கே குறைமாதக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 1987இல் வெளியிட்டார். வலி நீக்கும் மருந்தான ஃபென்டனில் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் உடலில் அதிர்ச்சியைக் காட்டும் ஹார்மோன்கள் குறைவாக இருந்தன, சிக்கல்களும் குறைந்தன. அதன்பிறகுதான் நடைமுறை மாறத் தொடங்கியது.

பத்தாண்டு கழித்து, 1997இல், கனடாவில் அன்னா டாடியோவும் உடனிருந்தவர்களும் 87 ஆண் குழந்தைகளைக் கவனித்தார்கள். பிறந்த உடனே முன்தோல் நீக்கப்பட்ட குழந்தைகள் நாலு, ஆறு மாதத்தில் தடுப்பூசி போடும்போது மற்றவர்களைவிட அதிகம் அழுதார்கள். மரத்துப்போகும் களிம்பு தடவி நீக்கப்பட்டவர்கள் இடையில் இருந்தார்கள். நாலு மாதக் குழந்தைக்கு ஞாபகம் என்று சொல்ல ஒன்றும் இல்லைதான். ஆனால் உடம்பு ஏதோ ஒரு கணக்கை வைத்திருக்கிறது.

நான் செய்ததை இதோடு ஒப்பிடவில்லை. அவ்வளவு பெரிய குற்றவாளி நான் இல்லை. களிம்பு இருந்தது, நல்ல மருத்துவர்கள் இருந்தார்கள். பிள்ளையின் கவனத்தைத் திருப்புவது மருத்துவமனைகளே சொல்லித்தரும் வழிதான். சோப்பு நுரைக் குமிழ் ஊதுங்கள், பாட்டுப் பாடுங்கள் என்பார்கள். ஆனால் குத்தப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் பாடுவது ஒன்று. பாட்டுப் பாடத்தான் போகிறோம் என்று சொல்லிக் குத்துவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். அந்த ஒரு வாக்கியத்தைத் தாதி சொல்லியிருந்தார். நான்தான் மறுத்தேன்.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார். பொய் சொல்லும் அப்பாக்கள் எல்லோரும் சாய்ந்துகொள்ளும் தூண் அது. நானும் சாய்ந்தேன். ஆனால் நன்மை குற்றமற்றதா என்று அளப்பது யார்? பொய் சொன்னவனே அளந்துகொள்கிறான். அன்று என் பொய்யால் யாருக்கு நன்மை என்று கேட்டுப் பார்த்தால், அவன் அழுகையை ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டது அவனுக்காகவா, அவன் அழுவதைப் பார்க்க மாட்டாத எனக்காகவா?

டச்சு அறிஞர் ஹெய்சிங்கா 1938இல் விளையாட்டைப் பற்றி எழுதிய 'ஹோமோ லூடன்ஸ்' புத்தகத்தில் இரண்டு பேரைப் பிரித்துக் காட்டுகிறார். ஒருவன் ஆட்டத்தைக் கலைப்பவன். மற்றவன் கள்ளாட்டம் ஆடுபவன். கலைப்பவனைத்தான் உலகம் அதிகம் வெறுக்கும், கள்ளாட்டக்காரனை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் அவன் வெளிப்பார்வைக்காவது விதிகளை மதிப்பதுபோல் காட்டிக்கொள்கிறான் என்கிறார். எங்கள் வீட்டில் ஆட்டத்தைக் கலைத்தவள் மனைவி, குளிர்பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து. கள்ளாட்டம் ஆடியது நான். மகனிடம் கேட்டால் ஹெய்சிங்கா சொன்னதற்கு நேர்மாறாகத்தான் சொல்வான் என்று நினைக்கிறேன்.

சொல்லவும் செய்தான், அவன் மொழியில். வீட்டுக்கு வந்து நாலாம் நாள் வழக்கம்போல் பருப்புக் கடையக் கூப்பிட்டேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அழவில்லை, கோபமில்லை. கையை மட்டும் மறைத்துக்கொண்டான். ஒரு வாரம், இரண்டு வாரம், அப்படியேதான். விமானத்துக்கு ஓடினான், மணல் சோறு போட்டான், என் தோளில் தூங்கினான். புண்ணும் ஆறிவிட்டது. கை மட்டும் வரவில்லை. அம்மாவிடம் கொடுத்தான், பாட்டியிடமும் கொடுத்தான்.

அம்மாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டுத் தோட்டத்துக் கதையைச் சொன்னார். கூலாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பாட்டி ரப்பர் மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போக வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் அம்மாவை ஆயாக்கொட்டகையில் விடுவார். அங்கிருக்கும் ஆயா, "அங்க பாரு கோழி" என்று காட்டுவார். திரும்பிப் பார்ப்பதற்குள் பாட்டி போயிருப்பார். "தெனமும் கோழியா?" என்றேன். "தெனமும் கோழிதான்" என்றார். "ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?" "எனக்கு என்ன ஞாபகம் இருக்கும்? ஒங்க பாட்டி சொன்னதுதான்."

பாட்டியைக் குற்றம் சொல்ல முடியுமா? பெரட்டில் பெயர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அவருக்குச் சொல்லிவிட்டுப் போக நேரம் இல்லை. எனக்கு இருந்தது. ஒரு மணி நேரம் களிம்பு ஊறக் காத்திருந்தோம். அது போகட்டும், எனக்கு உறைத்தது வேறு. எங்கள் வீட்டில் யாரும், கடைக்கு ரொட்டி வாங்கப் போனால்கூட, அம்மாவிடம் சொல்லாமல் வாசல் தாண்ட முடியாது. தூங்கினால் எழுப்பியாவது சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் அன்று முழுவதும் முகம் சரியாக இருக்காது. சின்ன வயதில் அதை வீட்டு ஒழுங்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் கூடத்தில் கரடிப் பொம்மையைப் படுக்க வைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் செய்தித்தாளை முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டு கவனித்தேன். கரடியின் கையில் ஒட்டுத்தாள் ஒட்டினான். பென்சிலை எடுத்துக்கொண்டான். குத்துவதற்கு முன் குனிந்து, கரடியின் கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், "சாக்கிட் சிக்கிட் யா" என்றான். பிறகு குத்தினான்.

மூன்று வாக்கியங்கள் அவனுக்குக் கிடைத்திருந்தன. நான் சொன்ன 'வலிக்காது' அதில் வரவே இல்லை. அரைகுறையாகத் தெரிந்த மொழியில், ஒரே முறை, முன்பின் தெரியாத ஒருவர் சொன்னதை எடுத்து வைத்திருந்தான்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்னிக்கு ஆஸ்பத்திரியில அப்பா வலிக்காதுன்னு சொன்னேன்ல. வலிச்சிச்சு. அப்பா சொன்னது பொய்" என்றேன். இரண்டே முக்கால் வயதுப் பிள்ளையிடம் இப்படிப் பேசுவது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்துதான் பேசினேன். அவன் கரடிக்கு இன்னொரு ஒட்டுத்தாள் பிரிப்பதில் மும்முரமாக இருந்தான். "சும்மாவா?" என்று நிமிராமலே கேட்டான்.

"இல்ல. சும்மா இல்ல."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் விமானச் சத்தம் கேட்டது, இருவரும் வாசலுக்கு ஓடினோம், கையாட்டினோம். திரும்பி வந்து படியில் உட்கார்ந்ததும் பருப்புக் கடையச் சொன்னான். இடது கையை நீட்டினான். வலது கை மடியில் கரடிக்கு அடியில் இருந்தது. நான் மணிக்கட்டைப் பிடிக்காமல் கடைய ஆரம்பித்தேன்.